ரீட்டா அக்காவுக்கு, மூன்றாவது சீசனில் நிஜமாக நடந்தது

என் ஆசை ரீட்டா அக்கா,

நலமா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. 'பொறுப்பு முதல்வர்' மூன்றாவது சீசனில் என்ன நடந்தது என்று மாமா உன் கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து வாராவாரம் சொன்னாரே, அதில் பாதிக்கு மேல் நடக்கவே இல்லை. செங்கமலம் முதல் எபிசோடில் கண் விழிக்கவில்லை. படுக்கையில் இருந்தபடியே ஃபைல் கேட்கவில்லை. உன் வீட்டுக்காரரைப் பொய்யர் என்கிறேனே என்று இப்போதே கோபப்படாதே. முழுவதையும் கேட்டுவிட்டுக் கோபப்படு.

கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். காலையிலிருந்து எதிர்ப்பக்கம் போகிறவர்கள் எல்லாம் என் ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். ஒரு வரி எழுதினால் ஒருவர் ஆதார் கார்டை நீட்டுகிறார். எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துபோகிறது. மனசு ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது அக்கா. நீ போனதிலிருந்தே இப்படித்தான். இந்த ஒரு வாரமாக இன்னும் மோசம்.

இது நாளைக்கு வேறு யார் கையிலாவது கிடைத்தால், அவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லவேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

நாம் இருவரும் ஓரகத்திகள். அண்ணன் அந்தோணியைக் கட்டிக்கொண்டு நீ திண்டிவனத்தில் இருந்தாய். தம்பி சேவியரைக் கட்டிக்கொண்டு நான் விழுப்புரத்துக்கு வந்தேன், அவர் இங்கே பைக் மெக்கானிக் கடை வைத்திருந்ததால். நடுவில் இருப்பது ஒரு மணி நேர பஸ் பயணம். அந்த ஒரு மணி நேரத்தை அண்ணனும் தம்பியும் ஐந்து வருஷமாக வெளிநாடாக்கி வைத்திருந்தார்கள்.

அந்தோணி மாமாவுக்கு மைக் செட் தொழில். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போய் ஸ்பீக்கர் குழாய் கட்டுவார். மனசுக்குள் ஒரு கட்சி உண்டு, ஆனால் தொழிலுக்குக் கட்சி கிடையாது என்பார். உன் கொழுந்தனுக்கோ மூச்சே கட்சிதான், அதுவும் அண்ணனுக்கு நேர் எதிர்க் கட்சி. நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நின்றார். அவரை எதிர்த்து நின்றவனின் பிரச்சார வண்டிக்கு மைக் செட் கொண்டுவந்தது மாமா. அதைக்கூட இவர் பொறுத்துக்கொண்டார். நடுவழியில் அந்த வண்டியில் ஓட்டுக் கேட்டுக்கொண்டு வந்தவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மைக் சும்மா இருந்தால் மாமாவுக்குத் தாங்காதே. தானே கையில் வாங்கிப் பேச ஆரம்பித்துவிட்டார். எங்கள் தெரு முழுக்க, சொந்த அண்ணன் குரலே தம்பிக்கு எதிராக ஓட்டுக் கேட்டது. இவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தேர்தலில் தோற்றதைக்கூட மறந்துவிட்டார், அந்தக் குரலை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் இரண்டு பேரும் கேட்கவில்லை. அது என் தொழில் என்று அவர், அது என் தெரு என்று இவர். நீ செத்த அன்று இவர் வந்தார். உன் பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டார். மாமா பின்னாலேயே நடந்து வந்தார். வீட்டிலிருந்து கல்லறை வரைக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் நீ மட்டும்தான் இருந்தாய். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு உனக்காக அழுவதா இவர்கள் மேல் ஆத்திரப்படுவதா என்றே தெரியவில்லை.

இரண்டு வீட்டையும் இணைத்திருந்த ஒரே ஒயர் நீயும் நானும். நமக்குச் சாக்கு அந்தத் தொடர்.

கதை எவ்வளவு அழகான கதை. தலைவர் செத்துப்போகிறார். அவருடைய தம்பிகள் இரண்டு பேர், பெரியவன் தணிகாசலத்துக்கு ஒரு கோஷ்டி, சின்னவன் பரந்தாமனுக்கு ஒரு கோஷ்டி. யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் மற்றவன் கவிழ்ப்பான். கடைசியில், இவளால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று, தலைவருக்குக் காலமெல்லாம் டைப் அடித்துக் கொடுத்த செங்கமலத்தைப் பொறுப்பு முதல்வராக உட்கார வைக்கிறார்கள். அவள் உட்கார்ந்த பிறகுதான் தொந்தரவே ஆரம்பிக்கிறது. எந்த ஃபைலில் யார் என்ன மறைத்தார்கள் என்பது அவளுக்குத்தானே தெரியும். அவள் கத்தமாட்டாள். கோபம் வந்தால் பேனாவின் மூடியை மெதுவாகத் திறந்து மெதுவாக மூடுவாள். அந்தச் சத்தத்துக்கே ஒரு மந்திரி எழுந்து நிற்பான். நாம் இரண்டு பேரும் கைதட்டினோம், ஞாபகமிருக்கிறதா?

நம் வீட்டுக்காரர்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு எபிசோடுகூட உட்கார்ந்து பார்க்காமலேயே, அது தம்பி கட்சியைக் கிழிக்கிற கதை என்று மாமா சொன்னார். அண்ணன் கட்சியைக் கிழிக்கிற கதை என்று இவர் சொன்னார். நீதான் சொன்னாய், ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்டி என்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மூன்று எண்ணி, இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்போம். திண்டிவனத்தில் உன் நெட்டு நொண்டும். நான் இங்கே சிரித்துவிடுவேன், உனக்கு அந்த இடம் இன்னும் வந்திருக்காது. "சிரிக்காதடி, எனக்கு இன்னும் சுத்திக்கினே இருக்குது" என்று திட்டுவாய். அப்புறம் நீ சிரிக்கும்போது நான் மறுபடியும் சிரிப்பேன். ஒரே காட்சிக்கு இரண்டு முறை சிரித்தது உலகத்திலேயே நாம் மட்டுமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது சீசன் முடிவில் பொதுக்கூட்ட மேடை சரிந்து விழுந்ததே, செங்கமலம் நினைவில்லாமல் கிடந்தாளே, அப்போது நீ செய்த காரியம் உன் பங்குக் கோயிலில் இன்னும் பேசப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசிக்கிற வேண்டுதல் கருத்தில் அவள் பேரைக் கொடுத்துவிட்டாய். உபதேசியாரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, 'விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் இருக்கும் செங்கமலம் உடல்நலம் பெற, கருத்துக் கொடுப்பவர் ரீட்டா அந்தோணி' என்று வாசித்துவிட்டார். கோயில் முழுக்க மன்றாடியது. பூசை முடிந்ததும் நாலு பேர் மாமாவிடம் வந்து, உங்கள் சொந்தக்காரர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று விசாரித்தார்கள். வீட்டுக்கு வந்து அவர் குதித்த குதிக்கு நீ சொன்ன பதில்தான் எனக்குப் பிடித்தது. "படுத்துக்கினு இருக்கற ஒருத்திக்காக வேண்டிக்கினேன். அதுல என்னா தப்பு?"

அடுத்த சீசன் வருவதற்குள் நீ படுத்துவிட்டாய். சர்க்கரை சிறுநீரகத்தில் வந்து நின்றது. டயாலிசிஸ் முடிந்து வெளுத்துப்போய்ப் படுத்திருக்கும்போதும் உனக்கு அதே கேள்விதான். மேடை சரிந்த பழி சின்னவன் பரந்தாமன் மேல் விழுந்து அவன் ஓடிப்போனானே, அவன் வருவானா? நான் வரமாட்டான் என்றேன். நீ வருவான் என்றாய். "தப்பு அவன் மேல இல்ல. மேடை கட்னவன் மேல. அது தெரிஞ்சா வந்துடுவான் பாரு." நீ பேசியது டிவியில் வருகிற அண்ணன் தம்பியைப் பற்றி மட்டும்தானா? நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

ஒரு நிமிஷம் இரு, யாரோ பட்டா நகல் எடுக்க நிற்கிறார்.

வந்துவிட்டேன். எங்கே விட்டேன்? ஆமாம், நீ போனபிறகு.

நீ போனபிறகு திண்டிவனத்துக்கு போன் போட எனக்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது. மாமாவிடம் நான் என்ன பேசுவேன்? இத்தனை வருஷத்தில் சாப்பாடு வைக்கட்டுமா, காபி போதுமா என்பதைத் தவிர அவரிடம் நான் பேசியதில்லை. உன் மகன் ஜெரால்டு பெங்களூரிலிருந்து போன் செய்து, அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, கொஞ்சம் பாருங்கள் சித்தி என்பான். எப்படிப் பார்ப்பது? திண்டிவனம் என்ற பேரை எடுத்தாலே உன் கொழுந்தன் எழுந்து பைக் துடைக்கப் போய்விடுவார்.

அப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை மாமாவே போன் செய்தார். நான் பயந்துபோய் எடுத்தேன்.

"ஸ்டெல்லா, அந்தப் பொம்பள கத மறுபடி வந்திருக்குதாமே. அவ எழுந்துக்கினாளா இல்லியான்னு பாக்கணும். எப்பிடிம்மா போடறது?"

எந்தப் பட்டனை அழுத்தவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நான் மூன்று எண்ணவில்லை. உன்னோடு எண்ணியதை வேறு யாருடனும் எண்ண எனக்கு வாய் வரவில்லை. ஆனால் போனை வைக்காமல் இரண்டு பேரும் பார்த்தோம். உன் கொழுந்தன் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

அக்கா, என்ன கண்றாவியைச் சொல்வேன். நான்கு எபிசோடு, முழுதாக நான்கு எபிசோடு, செங்கமலம் படுத்தே கிடக்கிறாள். முகத்தில் கட்டு. கட்டைப் பிரித்தால் உள்ளே வேறு நடிகை. முகத்தில் ஆபரேஷன் என்று ஒரு டாக்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டால், இவள் கத்துகிறாள். எடுத்ததற்கெல்லாம் கத்துகிறாள். மேஜை மேல் இருந்த ஃபைலை எடுத்து வீசுகிறாள். செங்கமலம் ஃபைலை வீசுவாளா? டைப் அடித்தவள் காகிதத்தைத் தரையில் போடுவாளா? பேனா என்ன ஆனது என்று எடுத்தவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லையா?

அவள் படுத்திருந்த நேரத்துக்குக் கதையை ஓட்ட தாடி வைத்த ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். செத்த தலைவருக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு மகனாம். அவன் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி நடக்கிறான். நடக்கிறான், நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான். நாம் உயிரைக் கொடுத்துப் பார்த்த காட்சிகள், எம்எல்ஏக்களைப் பஸ்ஸில் ஏற்றித் தலை எண்ணுகிற காட்சிகள், ஒரு கையெழுத்துக்காக ராத்திரி முழுக்கப் பேரம் பேசுகிற காட்சிகள், ஒன்றுகூடக் கிடையாது. பிறகு எல்லோரும் டெல்லிக்குப் போய்விட்டார்கள். அங்கே போனதும் அத்தனை பேரும் கோட்டு போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடிப்பேன், துணி மடிப்பேன், மறுபடி வந்து உட்காருவேன். மாமா அந்தப் பக்கம் வேறு கவலையில் இருப்பார். "இது மீட்டிங்குக்குக் கட்ற மைக்கே இல்லம்மா, பாட்டு ரெகார்டிங் பண்ற மைக்கு. மழ பெஞ்சா செத்துப்புடும்" என்பார். நீ இருந்திருந்தால் இரண்டு பேரையும் வாய் மூடச் சொல்லியிருப்பாய்.

ஐந்தாவது எபிசோடோடு விட்டுவிடலாம் என்று இருந்தேன். ஆனால் எப்படி விடுவது? வாரம் முழுக்க ஆள் அரவம் இல்லாத வீட்டில் இருக்கிற மனுஷர், வெள்ளிக்கிழமையானால் போன் எடுத்து முதல் வேலையாக, சாப்பிட்டேன்மா என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார். இந்தக் குப்பை நின்றால் அதுவும் நின்றுவிடும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மிச்சம் இருந்தது எட்டு எபிசோடுதான், அதில் ஐந்து தீர்ந்துவிட்டது. இதை நினைத்து நினைத்தே எனக்கு அந்த வாரங்களில் தூக்கம் பிடிக்கவில்லை. நல்ல சீசனாக இருந்திருந்தால் அடுத்தது எப்போது என்றாவது பேசிக்கொண்டிருக்கலாம். இந்த லட்சணத்தில் நான்காவது சீசனுக்கு யார் பணம் போடுவார்கள்?

எட்டாவதும் வந்தது, முடிந்தது. முடிவில் செங்கமலம் தாடிக்காரன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கங்கைக்கரையில் போய் உட்கார்ந்துவிட்டாள். பரந்தாமன் வரவே இல்லை. அவன் என்ன ஆனான் என்று கேட்கக்கூட யாரும் இல்லை, எழுதியவர்கள் அவனை மறந்தே போய்விட்டார்கள். திரையில் பேர்கள் ஓட ஆரம்பித்தன. மாமா அந்தப் பக்கத்திலிருந்து, "அவ்ளோதானா? சின்னவன் வரலியே ஸ்டெல்லா. இத நான் எப்பிடிப் போயி சொல்லுவேன்?" என்றார். யாரிடம் சொல்லவேண்டும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வயசானவர், ஏதோ சொல்கிறார் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. நானே போட்டேன், எடுத்தார், சாப்பிட்டீங்களா மாமா என்றேன், உம் என்றார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை.

போன வாரம் கல்லறைத் திருநாள் வந்தது. மாமியாரும் மாமனாரும் உன் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள் என்பதால் உன் கொழுந்தன் வருஷம் தவறாமல் திண்டிவனம் போவார். ஆனால் மதியமே போய்ப் பூ வைத்துவிட்டு, அண்ணன் வருவதற்குள் பஸ் ஏறிவிடுவார். கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிப்பது சாயங்காலம். மாமா அப்போதுதான் வருவார், மைக் செட்டும் அவருடையது. அன்றைக்கு நான் புடவை கட்டியதில் ஒரு மணி நேரம், சேஃப்டி பின் காணோம் என்று அரை மணி நேரம், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினேன். அவர் வாசலில் நின்று பேஜாரு பேஜாரு என்று முனகினார். பஸ் விக்கிரவாண்டியில் வேறு நின்றுவிட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். வாசலில் பூ விற்கிற அம்மா என்னைப் பார்த்து, ஞாயித்துக்கிழமையானா பெரியவரு வந்து ஏதோ கத சொல்லிக்கினு உக்காந்திருப்பாரும்மா, அந்தம்மா கல்லறையாண்ட, என்றார். நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். இவர் நடை கொஞ்சம் மெதுவானது.

மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஜெபமும் குழந்தைகள் சத்தமுமாக இருந்ததால் நாங்கள் வந்தது அவருக்குத் தெரியவில்லை. மைக்கில் பேசிப் பழகியவர், மெல்லப் பேசினாலும் நாலு கல்லறைக்குக் கேட்கும்.

"போன வாரம் பாதில வுட்டேன் இல்ல, கேளு ரீட்டா. சட்டசபையில எல்லாரும் உக்காந்துக்கினு இருக்காங்க. உன் செங்கமலம் பேனாவத் தொறந்து மூடறா. பெரியவன் எழுந்து, தப்பு எந்தம்பி மேல இல்லன்றான். நான் அன்னிக்கி மைக்கப் புடிச்சிருக்கக் கூடாதுன்றான். அப்பப் பாரு, கதவத் தொறந்துக்கினு சின்னவன் வர்றான்."

உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது கோபம்தான். எட்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தவள் நான். பூக்கார அம்மா சொன்னதும், உனக்குக் கதையை ஒழுங்காகத்தான் சொல்லியிருப்பார் என்று நம்பினேன். இவரானால் செங்கமலத்தை எழுப்பி, பேனாவைக் கையில் கொடுத்து, தாடிக்காரனை அடியோடு எடுத்துவிட்டு, முழு சீசனையும் தானே எடுத்து வைத்திருக்கிறார். தொடரில் பெரியவன் எந்த மைக்கைப் பிடித்தான்? அந்த மைக் எந்த ஊர்த் தெருவில் பிடித்த மைக்? அது தோன்றிய பிறகுதான் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வாயைத் திறக்கப் போனவள் மூடிக்கொண்டேன்.

மூடாதவர் உன் கொழுந்தன்.

"அதுல எங்க வந்தான் அவன்? கடைசி வரைக்கும் வரவே இல்லியே."

மாமா திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்." என்னைப் பார்க்காமல் சொன்னார். செய்தித்தாளோடு சமையல்கட்டில் உட்கார்ந்திருந்த மனுஷர், எட்டு வாரமும் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் குரல் என் போனில் பேசியதையும் சேர்த்துத்தானே கேட்டிருப்பார்?

"சரியாப் பாத்திருக்க மாட்ட" என்றார் மாமா.

"எங்கண்ணு நல்லாதான் இருக்குது. சட்டசபையே காட்டல. டெல்லியில முடிச்சிட்டான்."

"டேய் சேவி, நான் சொல்றேன். வந்தான்."

"வரலண்ணா."

அண்ணா என்று சொன்னதை இவர் கவனிக்கவில்லை. மாமா கவனித்தார். முகம் என்னவோ ஆயிற்று. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. எப்படி விட்டுக்கொடுப்பார், நீ கேட்டுக்கொண்டிருக்கிறாயே. கையை ஊன்றி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வா வூட்டுக்கு. போட்டுக் காட்றேன்" என்றார்.

அக்கா, அதில் அப்படி ஒரு காட்சி இல்லை என்று அவருக்குத் தெரியும். இல்லை என்று இவருக்கும் தெரியும். வேண்டாம், நேரமாகிவிட்டது, பஸ் போய்விடும் என்று இவர் சொல்வதற்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தலையில் வாங்கிக்கொண்டார்கள். மாமா போய் மைக்கைக் கழற்றும்போது இவர் ஒயரைச் சுருட்டினார், தப்பாகச் சுருட்டுகிறாய் என்று அதற்கும் ஒரு திட்டு வாங்கினார். பிறகு வீட்டுக்கு நடந்தார்கள். நான் பத்தடி பின்னால். வழி முழுக்க வந்தான், வரவில்லை, வந்தான், வரவில்லை. பார்க்கிறவர்கள் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார்கள்.

நானும் எத்தனை திட்டு திட்டினேன் அந்தச் சீசனை. எடுத்தவர்கள் நன்றாக எடுத்திருந்தால் மாமா பொய் சொல்லியிருக்க மாட்டார். அவர் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் இவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். ஐந்து வருஷமாக நீயும் நானும் ஜெபமாலை உருட்டியும், ஜெரால்டு காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் நடக்காததை ஒரு மட்டமான சீசன் செய்துவிட்டுப் போயிருக்கிறது. இதை யாரிடம் சொல்லி முட்டிக்கொள்வது?

சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அந்தத் தேர்தலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. வீட்டில் நான் கேப்பைக்கூழ் கரைத்து வைத்தேன், இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து குடித்தார்கள். மாமா ரிமோட்டைக் கையில் எடுத்தார், பிறகு கீழே வைத்தார்.

"கடைசியப் போட்டா ஒண்ணும் புரியாது. மொதல்ல இருந்து பாக்கணும்" என்றார்.

எனக்கு அலுப்பு. அப்படியானால் வருகிற ஞாயிறு வந்து எட்டையும் ஒரேடியாகப் பார்த்து முடித்துவிடலாம் மாமா என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்கவேண்டும்.

"வாரம் ஒண்ணு" என்றார் உன் கொழுந்தன். "அப்பதான் சரியா இருக்கும்."

நேற்று முதல் எபிசோடு முடிந்தது. செங்கமலம் இதிலேயே கண் விழித்தாள், படுக்கையில் இருந்தபடியே ஃபைல் கேட்டாள் என்று மாமா சாதித்ததில் பாதியில் இரண்டு முறை சண்டை வந்தது. இன்னும் ஏழு ஞாயிறு இருக்கிறது. எட்டும் முடிந்து, திரையில் பேர்கள் ஓடி, பரந்தாமன் வராமல் போகும்போது இவர்கள் இரண்டு பேரும் சாட்சிக்கு என்னைத்தான் பார்ப்பார்கள். பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்று நமக்குக் கட்டளை இருக்கிறது, அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் பார்த்துக்கொள்கிறேன். சின்னவன் வந்தான், நான் பார்த்தேன், இவர் அந்த நேரம் கண் அசந்துவிட்டார், மறுபடியும் முதலிலிருந்து போடுங்கள் மாமா என்று சொல்வேன். உன் மேல் சத்தியமாகச் சொல்வேன்.

என்றும் உன் ஓரகத்தி,
சேவியர் வீட்டு ஸ்டெல்லா,
விழுப்புரம்.